15 சதவீதம் 22.8 ஆனது எப்படி? ஆண்டறிக்கைகளைப் பிரித்துப் போட்டுப் பார்த்த கணக்கு

வால்வும் பம்பும் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று. முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த விளக்கத்தில் ஒரு பட்டை வரைபடம் போட்டிருந்தார்கள். போட்ட மூலதனத்தின் மீது கிடைக்கும் ஈட்டு விகிதம் ஐந்து ஆண்டுகளில் 15 சதவீதத்திலிருந்து 23ஐ நெருங்கியிருந்தது. அடியில் ஒரு வரி: இயக்கத் திறன் மேம்பட்டதன் பலன். நிறுவனம் வெளியிட்ட கணக்குகளை மட்டும் வைத்து அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். உள்தகவல் எதுவும் இல்லை. ஆண்டறிக்கைகளும் ஒரு எக்செல் கோப்பும்தான்.

நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எல்லா எண்களையும் முதலாம் ஆண்டு விற்பனை 1000 வரும்படி ஒரே விகிதத்தில் சுருக்கியிருக்கிறேன். ஐந்தாம் ஆண்டு விற்பனை 1360. சொத்து, கடன், பாக்கி போன்ற இருப்புத் தொகைகள் எல்லாமே ஆண்டின் தொடக்க, இறுதி எண்களின் சராசரி.

தாளை அமைத்தது

முதல் தாளில் அறிக்கையில் உள்ளதை உள்ளபடியே தட்டச்சு செய்தேன். பக்கத்தில் ஒரு நெடுவரிசை, அந்த எண் எந்தப் பக்கத்தில், எந்தக் குறிப்பில் இருக்கிறது என்று எழுத. பிறகு சந்தேகம் வரும்போது இந்த நெடுவரிசைதான் காப்பாற்றும். முந்தைய ஆண்டு எண்ணை முந்தைய ஆண்டு அறிக்கையிலிருந்து எடுக்காமல், அடுத்த ஆண்டு அறிக்கையில் ஒப்பீட்டுக்காக அச்சிட்டிருக்கும் நெடுவரிசையிலிருந்து எடுத்தேன். நிறுவனங்கள் தலைப்புகளை மாற்றி அடுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் 'இதர சொத்து' என்று இருந்தது அடுத்த வருடம் 'வர வேண்டிய பாக்கி'யில் போய் உட்கார்ந்திருக்கும். பழைய அறிக்கையையே நம்பினால், அடுக்கு மாறியதைத் திறன் மாறியதாக எடுத்துக்கொள்ள நேரும்.

இரண்டாவது தாளில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளம் போட்டேன். தொழிலை ஓட்டத் தேவையானதா, நிதி திரட்டியதா, சும்மா கிடக்கும் முதலீடா? இந்த மூன்றுதான். வேலையின் கனம் முழுக்க இங்கே இருக்கிறது. வகுத்தல் சூத்திரத்தைப் பள்ளிப் பிள்ளை போட்டுவிடும். கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் விடை மாறுகிறது.

சரக்கிருப்பு, வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி, சப்ளையருக்குக் கொடுத்த முன்பணம், சப்ளையருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம், சம்பளப் பாக்கி, மறைமுக வரிப் பாக்கி ஆகியவற்றில் குழப்பம் இல்லை, எல்லாம் இயக்கம். வங்கிக் கடன், குத்தகைக் கடன், பங்கு மூலதனம், சேர்த்து வைத்த லாபம் ஆகியவை நிதி. மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வைத்த பணம் முதலீடு. இழுபறி வருவது நடுவில் நிற்கும் வரிகளில்தான்.

ரொக்கத்தில் எவ்வளவு தொழிலுக்குத் தேவை? விற்பனையில் 2 சதவீதம் என்று சிலர் வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஆதாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வசதிக்காக வைத்துக்கொண்ட எண். நான் முழு ரொக்கத்தையும் வெளியே வைத்தேன். எந்த விதி என்பதைவிட ஐந்து ஆண்டுக்கும் அதே விதி என்பதுதான் முக்கியம். கட்டிமுடிக்காத ஆலைப் பகுதி இன்னும் ஒரு வால்வுகூடச் செய்யவில்லை, அதனால் அதையும் வெளியே எடுத்தேன். 'இதர கடன்பாடுகள்' என்ற வரியைக் குறிப்பில் திறந்து பார்த்தால், உள்ளே இயந்திரம் வாங்கியதற்கான பாக்கியும் இருந்தது. அது சப்ளையர் பாக்கி போலத் தெரிந்தாலும் அன்றாடத் தொழிலைச் சேர்ந்ததல்ல. அதை நடைமுறை மூலதனத்திலிருந்து, அதாவது அன்றாட இயக்கச் சொத்தில் அன்றாடப் பாக்கிகளைக் கழித்த கணக்கிலிருந்து, கழற்றிவிட்டேன்.

முன்பு ஒரு சிறு நிறுவனத்தை வாங்கியபோது வந்த நற்பெயர் மதிப்பையும் (குட்வில், அதன் நிகரச் சொத்துக்கு மேல் கொடுத்த விலை) நீக்கினேன். ஆலை எவ்வளவு திறமையாக ஓடுகிறது என்ற கேள்விக்கு அது தேவையில்லை. நிர்வாகம் பணத்தைச் சரியாகச் செலவழித்ததா என்று கேட்டால் கட்டாயம் சேர்க்க வேண்டும். அது வேறு கேள்வி.

குத்தகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களில் குத்தகைக்கான ஐஎஃப்ஆர்எஸ் 16 விதி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வாடகைச் செலவாக மட்டும் இருந்த பெரும்பாலான குத்தகைகள் அதன் பிறகு சொத்தாகவும் கடனாகவும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறின. அந்தக் கோட்டைத் தாண்டி ஒப்பிட்டால் மூலதனம் திடீரென்று வீங்கியதாகத் தெரியும். என் ஐந்து ஆண்டுகளும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என்பதால் தப்பித்தேன். ஆலை நிற்கும் நிலமே நீண்ட காலக் குத்தகைதான், ஆகவே அது பயன்பாட்டு உரிமைச் சொத்தில் அடங்கிவிட்டது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனைக் கட்டம். சொத்துப் பக்கத்திலிருந்து கூட்டிக் கழித்து வந்த இயக்க மூலதனமும், பங்கு மூலதனம், சேர்த்து வைத்த லாபம், கடன், குத்தகைக் கடன், இயந்திரப் பாக்கி ஆகியவற்றைக் கூட்டி, ரொக்கம், முதலீடு, கட்டுமானத்தில் உள்ளது, நற்பெயர் ஆகியவற்றைக் கழித்து வந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் சுழியம் ஆகும் வரை அடுத்த தாளுக்குப் போகவில்லை.

முதல் விடை

முதலாம் ஆண்டு: சரக்கு 160, வர வேண்டியது 200, இதர இயக்கச் சொத்து 30. எதிர்ப்பக்கம் சப்ளையர் பாக்கி 110, வாடிக்கையாளர் முன்பணம் 20, இதரம் 40. நிகர நடைமுறை மூலதனம் 220. தேய்மானம் போக நிலைச் சொத்து 330, குத்தகை உரிமை 30, மென்பொருள் போன்றவை 20. மொத்த இயக்க மூலதனம் 600.

ஐந்தாம் ஆண்டு: சரக்கு 250, வர வேண்டியது 215, இதரம் 40. எதிரில் 225, 30, 55. நிகரம் 195. நிலைச் சொத்து 310, குத்தகை 35, மென்பொருள் 20. மொத்தம் 560.

இயக்க லாபம், அதாவது வட்டிக்கும் வரிக்கும் முந்தையது, 120லிருந்து 170 ஆகியிருந்தது. வரிக்கு இரண்டு ஆண்டுகளிலும் 25 சதவீதம் வைத்தேன். அறிக்கையில் உள்ள உண்மையான வரித் தொகையில் ஒத்திவைத்த வரியின் (பின்னால் கட்ட வேண்டியதை இப்போதே கணக்கில் எழுதுவது) ஆட்டம் கலந்திருக்கும், அதை உள்ளே விட்டால் ஒப்பீடு கலங்கிவிடும். வரி போக 90, 127.5. மூலதனத்தால் வகுத்தால் 15.0 சதவீதம், 22.8 சதவீதம். நிறுவனம் சொன்னதும் இதுதான். ஆக அவர்கள் எண்ணைத் திரிக்கவில்லை.

இதை லாப வீதம் (விற்பனையில் லாபத்தின் பங்கு), மூலதனச் சுழற்சி (மூலதனத்தைப் போல் எத்தனை மடங்கு விற்பனை) என்று இரண்டாகப் பிரிப்பது பழைய வழி. அமெரிக்க ரசாயன நிறுவனமான டுபான்டில் டொனால்ட்சன் பிரவுன் 1910களில் வகுத்துக் கொடுத்தது. இன்றும் அதைவிடப் பயனுள்ள முதல் வெட்டு வேறில்லை. வரிக்குப் பிந்தைய லாப வீதம் 9லிருந்து 9.4 சதவீதம்தான் ஆகியிருந்தது. சுழற்சி 1.67லிருந்து 2.43க்குப் போயிருந்தது. கூடிய 7.8 புள்ளியில் லாப வீதத்தின் பங்கு 0.6. மிச்சம் 7க்கும் மேல் மூலதனம் குறைந்ததால் வந்தது. அதாவது இந்த நிறுவனத்தின் கதை லாப நட்டக் கணக்கில் இல்லை, இருப்புநிலைக் குறிப்பில் இருக்கிறது.

விற்பனை 36 சதவீதம் வளர்ந்திருக்கிறது, மூலதனமோ 600லிருந்து 560 ஆகக் குறைந்திருக்கிறது. எப்படி?

'வளர்ந்திருந்தால்' கணக்கு

இங்கே ஒரு சின்ன உத்தி. முதலாம் ஆண்டில் ஒவ்வொரு வரியும் விற்பனையில் எத்தனை பங்கு இருந்ததோ அதே பங்கு தொடர்ந்திருந்தால் ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒவ்வொன்றையும் 1.36ஆல் பெருக்கினால் போதும். மொத்த மூலதனம் 816 ஆகியிருக்க வேண்டும், இருப்பது 560. மிச்சம் பிடித்தது 256. இந்த 256 எங்கிருந்து வந்தது என்று வரி வரியாக எழுதினால் நாட்கணக்கு விகிதங்கள் காட்டாததெல்லாம் தெரியும்.

நிலைச் சொத்து 449 ஆகியிருக்க வேண்டியது 310, மிச்சம் 139. சப்ளையர் பாக்கி 150 இருக்க வேண்டியது 225, அதில் 75. வர வேண்டிய பாக்கி 272 இருக்க வேண்டியது 215, அதில் 57. சரக்கு மட்டும் எதிர்த் திசையில்: 218 இருக்க வேண்டியது 250, 32 கூடுதல். மீதி வரிகளெல்லாம் சேர்ந்து 17. கூட்டிக் கழித்தால் 256 சரியாக வருகிறது.

ஏன் வழக்கமான நாட்கணக்கு போதாது? சரக்கு கிடக்கும் நாளையும் (சரக்கு நாள்) பணம் வசூலாகும் நாளையும் (வசூல் நாள்) கூட்டி, சப்ளையருக்குக் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாளை (பாக்கி நாள்) கழித்து ரொக்கச் சுழற்சி என்று எழுதுவார்கள். இந்த நிறுவனத்துக்கு அது 98 நாளிலிருந்து 67 நாளுக்கு இறங்குகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் சரக்கையும் சப்ளையர் பாக்கியையும் உற்பத்திச் செலவால் வகுக்கிறோம், வசூலை விற்பனையால் வகுக்கிறோம். அளவுகோல் வேறு வேறு. அந்த நாட்களைக் கூட்டுவதற்குக் கறாரான பொருள் கிடையாது. எல்லாவற்றையும் விற்பனையாலேயே வகுத்தால் 91லிருந்து 64. இறக்கம் உண்மை, அளவு கொஞ்சம் வேறு.

வசூல் நாளில் இன்னொரு சிக்கலும் உண்டு. லாப நட்டக் கணக்கில் விற்பனை மறைமுக வரி நீங்கலாக இருக்கும், வர வேண்டிய பாக்கியோ வரியையும் சேர்த்து இருக்கும். வரி 18 சதவீதம் என்றால், 73 நாள் என்று தெரிவது உண்மையில் 62 நாள்தான். ஏற்றுமதி அதிகம் உள்ள நிறுவனத்தோடு உள்நாட்டு விற்பனை மட்டும் உள்ள நிறுவனத்தை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் உள்நாட்டு நிறுவனம் அநியாயத்துக்குக் கெட்ட பெயர் வாங்கும். ஒரே நிறுவனத்தை வருடவாரியாகப் பார்ப்பதால் இங்கே பெரிய பாதிப்பு இல்லை.

வாடிக்கையாளர்கள் சீக்கிரம் பணம் கொடுத்தார்களா?

வசூல் 73 நாளிலிருந்து 58க்கு வந்திருக்கிறது. பதினைந்து நாள் குறைய வேண்டுமானால் யாரோ ஒருவர் கறாராகத் துரத்தியிருக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் கலவை மாறியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நிர்வாக அறிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பியது.

நிதிக் கருவிகள் பற்றிய குறிப்பின் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலோர் புரட்டாத இடத்தில், விடை இருந்தது. பில்களை வங்கியிடம் தள்ளுபடிக்கு விற்று முன்கூட்டியே பணம் வாங்கியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கொடுக்காவிட்டாலும் நிறுவனத்திடம் திரும்பக் கேட்கும் உரிமை வங்கிக்கு இல்லாத ஒப்பந்தம் என்பதால் அந்தப் பாக்கி கணக்கிலிருந்தே நீங்கிவிட்டது. விதிப்படி சரி. நிலுவையில் இருந்த தொகையின் சராசரி 50. முதலாம் ஆண்டில் இது சுழியம்.

50ஐத் திரும்பச் சேர்த்தால் 265, நாட்கணக்கில் 71. வாடிக்கையாளர் பழைய 73 நாளைவிட இரண்டு நாள் முன்னால் கொடுக்கிறார், அவ்வளவுதான். மிச்சம் பிடித்ததாகத் தெரிந்த 57இல் 7 மட்டும்தான் வசூலால் வந்தது. மற்றது வங்கிப் பணம், வட்டி கொடுத்து வாங்கியது.

சப்ளையர் பாக்கி

பாக்கி நாளை உற்பத்திச் செலவால் வகுப்பது பாடப்புத்தக வழி. அந்தச் செலவில் கூலியும் தேய்மானமும் கலந்திருக்கிறது, அவற்றை யாரும் சப்ளையரிடம் கடனாக வாங்குவதில்லை. கொள்முதல் தொகை குறிப்பிலேயே கிடைத்ததால் அதனால் வகுத்தேன்: முதலாம் ஆண்டில் 575, ஐந்தாம் ஆண்டில் 780. பாக்கி நாள் 70லிருந்து 105.

105 நாள் காத்திருக்கும் சப்ளையர் விலையைக் கூட்டுவார், அல்லது சரக்கைத் தாமதிப்பார். இரண்டும் நடந்ததற்கான அறிகுறி கணக்கில் இல்லை. மூலப்பொருள் செலவு விற்பனையில் அதே பங்குதான். அப்படியானால் சப்ளையருக்குப் பணம் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது.

வங்கி சப்ளையருக்கு உடனே பணம் கொடுத்துவிடும், நிறுவனம் பல வாரம் கழித்து வங்கிக்குக் கொடுக்கும். இதற்குச் சப்ளையர் நிதி ஏற்பாடு என்று பெயர். கொடுக்க வேண்டியது வங்கிக்கு, ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் அது சப்ளையர் பாக்கியாகவே நிற்கும். 2018 ஜனவரியில் சரிந்த பிரிட்டனின் கேரிலியன் கட்டுமான நிறுவனத்தில் இந்த வகைத் தொகை கடனாகக் காட்டப்படாமல் இதர பாக்கிகளுக்குள் கிடந்தது பின்னர் பெரிதாகப் பேசப்பட்டது. இப்போது ரொக்க ஓட்ட அறிக்கைக்கான சர்வதேசக் கணக்கு விதி ஐஏஎஸ் 7இல் செய்த திருத்தப்படி, 2024 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் ஆண்டுகளுக்கு இந்த ஏற்பாடுகளின் விவரத்தையும் தொகையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பகுப்பாய்வு செய்பவர்களுக்குச் சமீப காலத்தில் கிடைத்த நல்ல வரங்களில் ஒன்று.

அந்தக் குறிப்பின்படி 225இல் 65 இந்த வகை. அதை எடுத்துக் கடன் பக்கம் போட்டால் மீதி 160, கொள்முதலில் 75 நாள். 70க்கும் 75க்கும் பெரிய வித்தியாசமில்லை. 75 மிச்சம் என்று தெரிந்ததில் உண்மையில் சப்ளையரிடம் கிடைத்தது 10.

சப்ளையர் பணத்தில் தொழில் நடத்துவதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. வாடிக்கையாளர் முதலில் பணம் கொடுத்து, சப்ளையருக்குப் பிறகு கொடுக்கும் அமைப்பில் நடைமுறை மூலதனமே எதிர்மறையாகும். 1990களில் கணினி நிறுவனமான டெல் அப்படித்தான் வளர்ந்தது, அமேசானின் பலத்திலும் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. அங்கே நடுவில் வங்கி இல்லை. இங்கே வங்கி வழியை மூடிய அன்றே 65 ரொக்கமாகத் தேவைப்படும்.

இதைச் சரிபார்க்க வட்டிக் கணக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு இந்த வேலையில் பிடித்த பகுதியும் அதுதான். ஐந்தாம் ஆண்டு நிதிச் செலவு 19. இருப்புநிலைக் குறிப்பில் தெரியும் கடன் சராசரி 120. வகுத்தால் கிட்டத்தட்ட 16 சதவீதம். அதே அறிக்கையில் வங்கிக் கடன் வட்டி 8க்கும் 8.5க்கும் இடையில் என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, கண்ணுக்குத் தெரியாத கடன் எங்கேயோ வட்டி தின்றுகொண்டிருக்கிறது. 50ஐயும் 65ஐயும் சேர்த்தால் கடன் 235, வட்டி 8.1 சதவீதம். பொருந்துகிறது. ஆண்டு நடுவில் கடன் ஏறி, ஆண்டு இறுதியில் இறங்குவதாலும் இதே அறிகுறி வரலாம். அதற்காக அரையாண்டு இருப்புநிலைக் குறிப்பையும் பார்த்தேன், அங்கே கடன் 120க்குப் பக்கத்தில்தான் இருந்தது. தள்ளுபடிச் செலவு நிதிச் செலவிலேயே சேர்ந்திருப்பதால் இயக்க லாபத்தைத் தொட வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் அதை 'இதர செலவு' என்று போடும், அப்போது லாபத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும்.

50ஐயும் 65ஐயும் திரும்பச் சேர்த்த பிறகு இயக்க மூலதனம் 675. ஈட்டு விகிதம் 22.8லிருந்து 18.9 ஆகிறது.

இயந்திரங்களின் வயது

இனி மிகப் பெரிய துண்டு, நிலைச் சொத்தில் மிச்சமான 139. வாங்கிய விலையில் பார்த்தால் நிலைச் சொத்து 600லிருந்து 775 ஆகியிருக்கிறது. திரண்ட தேய்மானம் 270லிருந்து 465. வாங்கிய விலையில் தேய்ந்தது முதலாம் ஆண்டில் 45 சதவீதம், ஐந்தாம் ஆண்டில் 60 சதவீதம். ஆலை மூப்படைந்திருக்கிறது.

பெரும்பகுதி தேய்மானம் போட்டாகிவிட்ட பழைய லாரியின் வருமானத்தை அதன் இன்றைய ஏட்டு மதிப்பால் வகுத்தால் எந்தப் புது லாரியும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதே கதைதான். தேய்மானம் போக உள்ள சொத்தில் பார்த்தால் சுழற்சி 3.0லிருந்து 4.4 ஆகப் பாய்கிறது. வாங்கிய விலையில் பார்த்தால் 1.67லிருந்து 1.75. ஆலையிலிருந்து கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் பாய்ச்சல் இல்லை.

துணைச் சான்றுகளும் இருந்தன. ஆண்டுத் தேய்மானம் வாங்கிய விலையில் 7.5 சதவீதமாக இருந்தது 6.7 ஆனது. முழுதும் தேய்ந்த இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன, தேய்மானம் போடுவதற்கு அவற்றில் ஒன்றுமில்லை. கொள்கைக் குறிப்பில் ஆயுட்காலத்தை நீட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன், இல்லை. பழுது, பராமரிப்புச் செலவு விற்பனையில் 1.6 சதவீதத்திலிருந்து 2.1க்கு ஏறியிருக்கிறது. புதிய இயந்திரங்களுக்குச் செய்த செலவு நான்கு ஆண்டும் சேர்ந்து தேய்மானத்தைவிடக் குறைவு.

பழைய இயந்திரத்தை நன்றாகப் பராமரித்து ஓட்டுவது மோசடியல்ல. நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகக்கூட இருக்கலாம். வால்வு உடலைக் கடையும் இயந்திரம் ஏட்டில் செத்த பிறகும் பல வருடம் உழைக்கும். ஆனால் அதனால் உயர்ந்த விகிதத்தை வைத்து, அடுத்துப் போடும் பணமும் இதே 22.8 ஈட்டும் என்று நினைக்க முடியாது. புதிய இயந்திரம் இன்றைய விலையில் வரும்.

வயதைச் சமன்படுத்த இரண்டு வழியில் பார்த்தேன். முதலாவது, ஐந்தாம் ஆண்டு ஆலையும் முதலாம் ஆண்டு ஆலையின் வயதிலேயே இருந்திருந்தால், அதாவது 45 சதவீதம் மட்டும் தேய்ந்திருந்தால், நிகர மதிப்பு 426. இப்போதைய 310ஐவிட 116 அதிகம். மூலதனம் 791, விகிதம் 16.1. இரண்டாவது, தேய்மானத்தை லாபத்தோடு திரும்பக் கூட்டி, வாங்கிய விலையிலான மூலதனத்தால் வகுப்பது: முதலாம் ஆண்டில் 135ஐ 870ஆல், ஐந்தாம் ஆண்டில் வங்கிப் பணம் 115ஐயும் சேர்த்து 179.5ஐ 1140ஆல். விடை 15.5, 15.7. ஏறக்குறைய நகரவே இல்லை.

மிச்சம் பிடித்த 256ஐ இப்போது திரும்ப எழுதினால்: வங்கியிடமிருந்து வந்தது 115, இயந்திரம் மூப்படைந்ததால் வந்தது 116, மற்றது 25.

சரக்கில் கிடந்தது

இத்தோடு முடித்திருந்தால் 'திறன் மேம்பாடு' என்பது வெறும் பேச்சு என்று எழுதியிருப்பேன். சரக்கிருப்பைப் பிரித்ததும் அந்தத் தீர்ப்பை எழுத முடியவில்லை.

மொத்தச் சரக்கு 80 நாளிலிருந்து 93 நாளாகக் கூடியிருக்கிறது. இந்த ஒரே வரியில்தான் நிறுவனம் பின்தங்கியதுபோலத் தெரிகிறது. குறிப்பில் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். மூலப்பொருள் 70லிருந்து 80, கொள்முதலில் 44 நாளிலிருந்து 37 நாள். பாதி முடிந்த சரக்கு 40லிருந்து 45, உற்பத்திச் செலவில் 20 நாளிலிருந்து 17. தயாரான சரக்கு 50லிருந்து 125, அதாவது 25 நாளிலிருந்து 47.

பாதி முடிந்த சரக்கின் நாள்தான் ஆலைத் தரையின் நாடித்துடிப்பு. ஒரு வார்ப்பு உள்ளே நுழைந்து வால்வாக வெளியே வர எத்தனை நாள் ஆகிறது என்பதற்கு வெளியாள் பார்க்கக்கூடிய மிக நெருங்கிய அளவு அதுதான். அதில் 3 நாள் குறைவது, அதுவும் வயதான இயந்திரங்களை வைத்துக்கொண்டு, சும்மா நடக்காது. மூலப்பொருளில் 7 நாள் குறைந்ததும் அப்படியே. யாரோ உண்மையில் வேலை செய்திருக்கிறார்கள். அந்தப் பலன் முழுவதும் ஆலைக் கதவைத் தாண்டியதும் கிடங்கில் தேங்கிப் போய்விட்டது. விளக்கத்தில் பெருமையாகக் காட்டிய எண்ணில் இந்த மேம்பாடு எங்கும் தெரியவில்லை. காட்டியது வேறு காரணங்களால் உயர்ந்த எண்.

தயாரான சரக்கு ஏன் பெருகியது? உதிரி பாகங்களை உடனே அனுப்ப வசதியாக வேண்டுமென்றே வைத்திருக்கலாம். விற்காமல் தேங்கியதாகவும் இருக்கலாம். மதிப்புக் குறைப்புக்கான ஒதுக்கீடு கூடவில்லை என்பதால் முதலாவதன் பக்கம் சாய்கிறேன், ஆனால் அந்த ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பதும் அதே நிர்வாகம்தான். முன்பணம் கொடுத்து ஆர்டர் போடும் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கூடியிருப்பதும் தேக்கம் என்ற விளக்கத்துக்கு எதிராக நிற்கிறது.

லாப வீதத்திலும் இதன் நிழல் விழுகிறது. சரக்கு மதிப்பீட்டுக்கான ஐஏஎஸ் 2 விதிப்படி ஆலையின் நிலையான மேல்செலவில் (உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவில்) ஒரு பங்கு சரக்கின் மதிப்பில் ஏறும். விற்றதைவிட அதிகமாக உற்பத்தி செய்த ஆண்டில் அந்தப் பங்கு செலவாகாமல் கிடங்கில் போய் உட்காரும். இயல்பான உற்பத்தித் திறன் அளவில்தான் பங்கிட வேண்டும் என்று விதி கடிவாளம் போடுகிறது, முழுக்கத் தடுப்பதில்லை. ஐந்தாம் ஆண்டில் மட்டும் தயாரான சரக்கு 30 கூடியது. அதில் ஐந்தில் ஒரு பங்கு நிலையான மேல்செலவு என்று வைத்தால் 6. இயக்க லாப வீதம் 12லிருந்து 12.5 ஆனதன் மொத்த மதிப்பே 6.8தான். ஐந்தில் ஒரு பங்கு என்பது என் அனுமானம், அறிக்கையில் அந்தப் பிரிப்பு கிடையாது. அதனால் இதைத் தனித் தாளில், அனுமானத்தை மாற்றிப் பார்க்கும் கட்டத்தோடு வைத்திருக்கிறேன், முடிவு எண்ணில் சேர்க்கவில்லை. சேர்த்தால் 16.1 என்பது 15.5 ஆகும்.

கோப்பில் அடுத்து

கோப்பின் முதல் தாளில் இப்போது மூன்று விகிதங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: அறிக்கைப்படி 22.8, வங்கிப் பணத்தைச் சேர்த்தபின் 18.9, வயதைச் சமன்செய்தபின் 16.1. எந்தக் கேள்விக்கு எது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்தேன். போட்டியாளரோடு ஒப்பிட வயது சமன்செய்தது. கடன் தாங்குமா என்று பார்க்க நடுவில் உள்ளது. அறிக்கைப்படி உள்ளது நிர்வாகத்தின் ஊக்க ஊதியத்தைப் புரிந்துகொள்ள, ஏனென்றால் ஊதியக் குறிப்பின்படி அவர்களின் இலக்கு அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. புதிய இயந்திரம் வாங்குவது ஏன் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்பதற்கு அது ஒரு விளக்கமாக இருக்கலாம், ஒரே விளக்கம் என்று சொல்ல மாட்டேன்.

2027 ஜனவரி 1 முதல் ஐஎஃப்ஆர்எஸ் 18 வருகிறது. லாப நட்டக் கணக்கையே இயக்கம், முதலீடு, நிதி என்று பிரித்துக் காட்ட வேண்டும், இயக்க லாபம் என்பதற்கு எல்லோருக்கும் ஒரே வரையறை இருக்கும். என் இரண்டாவது தாளில் பாதி வேலை குறையும். இருப்புநிலைக் குறிப்பை அந்த மூன்றாகப் பிரிக்க அந்த விதி கேட்கவில்லை, ஆகவே மூலதனப் பக்கத்தை நாமே பிரிக்க வேண்டியதுதான்.

அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் நிரப்ப நான்கு கட்டங்கள் காலியாக வைத்திருக்கிறேன்: தயாரான சரக்கு நாள், சப்ளையர் நிதி ஏற்பாட்டின் நிலுவை, தள்ளுபடி செய்த பில், இயந்திரச் செலவுக்கும் தேய்மானத்துக்கும் உள்ள விகிதம். கட்டுமானத்தில் இருக்கும் ஆலைப் பகுதி ஓடத் தொடங்கினால் அது இயக்க மூலதனத்துக்குள் வந்துவிடும், அறிக்கைப்படியான விகிதம் அநேகமாக இறங்கும். பாதி முடிந்த சரக்கின் 17 நாள் அப்போதும் 17ஆகவே இருந்தால், அந்த இறக்கத்தைப் பார்த்து நான் பங்கை விற்கமாட்டேன்.